தரையில் ஓர் அணிப்பறப்பு

ஒத்திகை என்பது நாடகக்காரர்க்கும் இசைவாணர்க்குமே உரியது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. மேடையிற் பிழைத்தால் அவையோர் நகைப்பர், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். பிழைத்தால் உயிர்போகும் ஒரு செயலுக்கு ஒத்திகை பார்ப்பது எங்ஙனம்? செய்துபார்த்தாலன்றிப் பழக்கம் வராது. பழக்கம் வருமுன் செய்துபார்ப்பதோ ஆபத்து. சிறு விமானங்களிற் கூட்டமாகப் பறக்க விரும்புவோரை இச்சிக்கல் நெடுங்காலம் வருத்தி வந்துள்ளது. அண்மைக் காலத்தில் அவர்களுட் சிலர் வீட்டு மேசைமீதிருக்கும் கணனியில் இதற்கொரு விடை தேடுகின்றனர். அவ்விடையில் மெய் எவ்வளவு, போலி எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒஷ்கொஷ் என்றொரு நகர் உண்டு. ஆண்டுதோறும் யூலை மாத இறுதியில் அங்குள்ள விட்மன் விமான நிலையத்தில் விமானப் பிரியர்களின் பெருவிழா நடைபெறுகின்றது. 1953இல் மில்வோக்கியிற் தொடங்கி, 1959இல் இலினோய் மாநிலத்து றொக்ஃபோட்டுக்கு மாறி, 1970 முதல் ஒஷ்கொஷில் நிலைகொண்ட விழா அது. ஏறத்தாழ 10,000 விமானங்கள் அந்நிலையத்திலும் அயல் நிலையங்களிலும் அவ்வாரம் வந்திறங்கும். தனித்து வருவோர் பின்பற்றவேண்டிய முறை விசித்திரமானது. றிப்பன் என்னும் ஊரிலிருந்து செல்லும் இருப்புப்பாதையைக் கீழே பார்த்தவாறு, ஒன்றன்பின் ஒன்றாய் அரை மைல் இடைவெளி விட்டு, கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரத்தில், மணிக்கு 90 கடல்மைல் வேகத்தில் ஃபிஸ்க் என்னும் சிற்றூரை அடைதல் வேண்டும். அங்கே தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லி விளிப்பார். விமானி வாய்திறந்து மறுமொழி கூறலாகாது. இறக்கையை அசைத்துக் காட்டினாற் போதும். ஓடுபாதையில் வெவ்வேறு நிறத்தில் அடையாளங்கள் தீட்டப்பட்டிருக்கும். ஒருவர் ஒரு நிறத்திலும், அவர் ஓடி விலகுமுன்னரே அடுத்தவர் வேறொரு நிறத்திலும் இறங்கவேண்டும்.

இவ்வரிசையிற் சேராது, ஒரே இனத்து விமானங்களை உடையோர் தமக்குள் கூடி ஒரே கூட்டமாய் வந்திறங்கும் வழக்கமும் உண்டு. 'பொனான்சா' விமானம் உடையோர் 1990 முதல் றொக்ஃபோட்டில் ஒன்றுதிரண்டு, மும்மூன்றாக அணிவகுத்து ஒஷ்கொஷுக்குப் பறந்து வருகின்றனர். அக்கூட்டம் நூறு விமானங்களைக் கடந்த ஆண்டுகளும் உள. செஸ்னா, செரோக்கி, மூனி ஆகிய விமானங்களை உடையோர்க்கும் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்றாக வந்தால் விழாத்திடலில் ஒன்றாகக் கூடாரமடித்துத் தங்கலாம் என்பது இவர்களின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. இத்துணை எளிய ஆசைக்கா இத்துணை இடர் என வியக்கத் தோன்றும். திருவிழாவுக்கு வண்டில் கட்டிக் கூட்டமாய்ப் போனவர் வழிவந்தோர்க்கு அந்த ஆசை விளங்காததன்று.

அணிப்பறப்பின் இலக்கணம் சொல்வதற்கு எளிது. முன்னோடி விமானி வழியை, வேகத்தை, உயரத்தைப் பார்த்துக்கொள்வார். பக்க விமானி முன்னோடியை மட்டும் பார்த்துக்கொள்வார். தரையையும் கருவிகளையும் நோக்கிப் பழகிய கண்ணை அவற்றிலிருந்து மீட்டு, இன்னொருவரது இறக்கையின்மீது நிறுத்திவைப்பதே முதற் கடினம். தாம் எங்கே போகின்றோம் என்பதைத் தாமே பாராது பிறரிடம் ஒப்படைத்தல் அது. முன்னோடிக்கும் ஒரு கடமை உண்டு. தம் இயந்திரத்தின் முழு வலுவையும் அவர் பயன்படுத்தலாகாது. பின்வருவோர் எட்டிப்பிடிக்கச் சிறிது வலு எஞ்சவேண்டும். வளைவில் வெளிப்புறம் இருப்பவர் கூடிய தூரம் செல்லவேண்டியிருப்பதால் விரைவைக் கூட்டவேண்டும்; உட்புறத்தவர் குறைக்கவேண்டும். மூவரும் பறப்புக்கு முன்பே தமக்குள் இணக்கம் செய்துகொண்டிருந்தாலன்றி அணியாகப் பறத்தல் கூடாதென அந்நாட்டுச் சட்டமும் விதிக்கின்றது. இவர்களுட் பெரும்பாலார் பொழுதுபோக்காகப் பறப்போர். தம் விமானத்துக்கு அருகே இன்னொரு விமானம் வருவதை அதுவரை ஆபத்தாக மட்டுமே அறிந்தவர்கள்.

போலிப் பறப்புக்கு வயது குறைவன்று. நியூயோர்க் மாநிலத்து பிங்ஹம்ரன் நகரில் ஓகன் வாத்தியங்கள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், அவ்வாத்தியங்களுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, நின்ற இடத்திற் சாய்ந்து திரும்பும் சிறு விமானக் கூடொன்றை 1929 அளவிற் செய்தார். அதனை முதலில் விரும்பி வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானிகள் தபால் சுமக்கப் பணிக்கப்பட்டுக் கொடிய காலநிலையிற் பலர் இறந்த பின்னரே படை அதன் அருமையை உணர்ந்து ஆறு கருவிகளை வாங்கிற்று. இறப்புகளின் பின் வாங்கப்படும் கருவிகளின் வரிசையில் இதுவும் ஒன்று. கணனியில் இதனை எல்லோர்க்கும் உரியதாக்கியவர் புரூஸ் ஆட்விக். அவருடைய நிரல் 1982இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. அதில் ஆட்டந் தொடங்கும் இடம் சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் விமானத்தளம். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் நகரபிதாவின் கட்டளைப்படி அதன் ஓடுபாதை இயந்திரங்களாற் கிளறி அழிக்கப்பட்டது. பழைய நிரல்களை வைத்திருப்போர் இன்றும் அங்கிருந்து எழும்புகின்றனர்.

இன்று ஒரு குழு ஒத்திகை பார்க்கும் முறை பின்வருமாறு. குறித்த இரவில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் கணனியின் முன் அமர்வர். வலையமைப்பு எல்லோரையும் ஒரே வானத்திற் சேர்க்கும். செவியிலணிந்த ஒலிவாங்கி எல்லோரையும் ஒரே அலைவரிசையிற் சேர்க்கும். றொக்ஃபோட்டின் ஓடுபாதையில் மும்மூன்றாய் நிற்பர். முன்னோடி குறிப்புக் கொடுப்பார். எழுவர், சேர்வர், வடக்கே செல்வர், இறங்குவர். பின்பு தவறுகளைப் பேசித் தீர்ப்பர். எரிபொருட் செலவு இல்லை. காலநிலைத் தடையும் இல்லை. தமிழில் வெள்ளோட்டம் என்றொரு சொல் உண்டு. புதுத்தேரை விழாவுக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்த்தல் அது. வெள்ளோட்டத்திற் சாமி இல்லையாயினும் தேர் உண்டு. இங்கோ தேரே இல்லை. வடம்பிடித்தோர் மட்டும் இருக்கின்றனர்.

தேர் இல்லாத அக்குறை சிறிதன்று. மணிக்கு 100 கடல்மைல் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 51 மீற்றருக்கு மேற் கடக்கும். வலைவழியே செய்தி வந்துசேர விநாடியிற் பத்திலொரு பங்கு தாமதித்தாலும், திரையிற் காணும் அயல்விமானம் மெய்யான இடத்திலிருந்து 5 மீற்றர் பின்தங்கிய ஒன்றாகும். இருவர் சரிக்குச் சரியாகப் பறப்பின், ஒவ்வொருவர் திரையிலும் மற்றவரே பின்தங்கியிருப்பார்! இதனை மறைக்க நிரல் ஓர் உபாயஞ் செய்கின்றது. கடைசியாக அறிந்த திசையையும் வேகத்தையும் கொண்டு, அவ்விமானம் இக்கணம் எங்கிருக்கும் என ஊகித்து அங்கே அதனை வரைகின்றது. நேராகப் பறக்கையில் ஊகம் பலிக்கும். திரும்பத் தொடங்குகையிற் பொய்க்கும். அயல்விமானம் துள்ளும், நடுங்கும். நெருங்கிப் பறக்கும் நுண்மையை இந்தத் திரையிற் கற்க முயல்பவர், விமானத்தையன்றி நிரலின் ஊகத்தைப் பின்தொடரக் கற்கின்றார். ஒற்றைத் திரை காட்டும் காட்சியும் குறுகியது. கடைக்கண்ணுக்கு அங்கே வேலையில்லை. முன்செல்லும் விமானத்தின் சுழல்காற்று தம் இறக்கையை உதறுவதை உடம்பால் உணரும் அனுபவமும் இல்லை. எனவேதான் மெய்யான விமானத்திற் பயிற்றுநருடன் அணிப்பயிற்சி பெறாதவரை, எத்தனை இரவு கணனி முன் இருந்தவராயினும், இக்கூட்டங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அது நியாயமே.

ஆயின் ஒத்திகையாற் பயன் என்ன எனின், கையைப் பழக்குவதன்று, செவியையும் நாவையும் பழக்குவதே அதன் பயன். யார் எப்பொழுது பேசுவது, யார் வாய்மூடி இருப்பது, ஒருவர் பார்வையிழந்தால் எப்பக்கம் விலகுவது, 'அணி கலைக' என்னும் ஆணை பிறந்ததும் எவர் எத்திசை செல்வது என்பன அங்கே ஐயமின்றிப் படிகின்றன. மெய்யான பயிற்சியில் ஒரு நாளிற் சில முறையே கலைந்து பார்க்க இயலும். திரையில் ஓரிரவில் இருபது முறை கலையலாம். தவறின் முகத்தையும் அங்கேதான் அச்சமின்றிக் காணலாம். அச்சமின்மையே அதன் கேடும் ஆகும்.

அறுபது வயதைக் கடந்த விமானி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகள் தனியே பறந்து பழுதறியாதவர், அணிப்பயிற்சியும் முடித்தவர். மூன்றாமவராகத் திரையிற் பறக்கையில், முன்னறிவிப்பின்றி ஆணை வருகின்றது. விலகவேண்டிய பக்கம் வலம். அவர் இடம் திரும்புகின்றார். இத்தகைய ஒத்திகைகளில் மோதலைக் கணக்கிடும் வசதியைப் பெரும்பாலும் நிறுத்தியே வைப்பர். வலைத்தாமதத்தால் வீண் மோதல்கள் நேர்ந்து எல்லோரும் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டி வருமென்பதே காரணம். ஆகவே அவருடைய விமானம் முன்னோடியின் விமானத்துக்குள் புகுந்து, ஆவி புகுந்தாற்போல மறுபக்கம் வெளிவருகின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் சிரிக்கின்றார். முன்னோடி மட்டும் சிரிக்கவில்லை. 'மீண்டும்' என்கின்றார். மறுமுறை சரியாகத் திரும்புகின்றார். அடுத்த முறையும் அப்படியே. ஆறாம் முறை, பேச்சும் திசையும் உயரமும் ஒருங்கே நெருக்குகையில், மறுபடியும் இடம்.

இங்கேதான் போலிப் பறப்பு தன் மெய்யைக் காட்டுகின்றது. அந்தத் தவறுக்குத் திரையின் குறுகலோ வலையின் தாமதமோ காரணமன்று. வலமும் இடமும் கணனிக்கு வெளியிலும் வலமும் இடமுமே. 'இது வெறும் விளையாட்டு, மெய்யில் இப்படி நேராது' என்று சொல்லிக்கொள்வதற்கு அவர் முன் வழி திறந்திருக்கின்றது. சொல்லிக்கொள்வோர் மிகப்பலராக இருக்கக்கூடும். சொல்லாதவராயின், அன்றிரவு ஒலிவாங்கியைக் கழற்றிவைத்து, முன்னோடியைத் தனியே தொலைபேசியில் அழைப்பார். இவ்வாண்டு தம் இடத்தில் வேறொருவரைச் சேர்க்குமாறு கேட்பார். முப்பதாண்டு விமானிக்கு இதைவிடக் கடினமான உரையாடல் இருத்தல் அரிது. முன்னோடி மறுத்துப் பேசாமலிருப்பதும் எளிதன்று, நண்பர் ஆயிற்றே.

அடுத்த வார ஒத்திகைக்கும் அவர் வரக்கூடும். கட்டுப்பாட்டாளராகக் குரல் கொடுக்க எப்பொழுதும் ஒருவர் தேவைப்படுகின்றார். விமானமின்றி, வரைபடத்தை மட்டும் முன்வைத்துக்கொண்டு, தெற்கிலிருந்து வரும் சிறு புள்ளிகளை எண்ணுகின்றார். முதல் மூன்றுக்கு 36ஆம் ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுக்கின்றார். பின், அடுத்த மூன்றுக்கு. தாம் விட்ட இடத்திற் பறப்பவர் சற்றே அகன்று வருவதைக் காண்கின்றார். அதனை அலைவரிசையிற் சொல்லாமல், முடிந்தபின் சொல்வதற்காகத் தாளில் குறித்துக்கொள்கின்றார்.