மாற்றுவதா, சீர்செய்வதா?

பழைய காருக்கு வேறு எஞ்சின் வைப்பதா, உள்ளதையே பிரித்துச் சீர்செய்வதா? எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடந்த பட்டிமன்றம் இது. 1984ஆம் ஆண்டு அம்பாசிடர். கல்யாண வாடகையில் எங்களுக்குச் சோறு போடும் வண்டி. அது நீலப்புகை கக்கியது. இரண்டாம் கியர் நழுவியது. கையிலிருந்ததோ தங்கையின் படிப்புக்குச் சேர்த்த பணம்.

1990களில் அம்பாசிடருக்கு வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தலாம் என்றார் அண்ணன். வேகம் கூடும், ஐயமில்லை. ஆனால் எஞ்சின் தாங்கிகளையும் மாற்ற நேரும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

மெக்கானிக் பழைய 1489 சி.சி. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். பிளாக்கில் விரிசல் இல்லை. முன்பு ஒரே முறைதான் போர் போட்டிருந்தது. ஆகவே, இன்னொரு முறை போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங்குகளை மாற்றலாம். கியர் பெட்டியிலும் தேய்ந்த சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதும். "பிளாக் வெடித்திருந்தால் வேறு எஞ்சின் வைக்க நானே சொல்லியிருப்பேன் தம்பி" என்றார்.

2014இல் உற்பத்தி நின்ற காருக்கு உதிரிபாகம் எத்தனை காலம் கிடைக்கும் என்று அண்ணன் கேட்டது நியாயமே. ஆயினும் அப்பா சீர்செய்யவே முடிவெடுத்தார். மிஞ்சிய பணத்தில் தங்கையின் கட்டணமும் கட்டப்பட்டது.

எதை மாற்றலாம் என்று யோசிக்குமுன், எது இன்னும் உறுதியாயிருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. இது வண்டிக்கு மட்டுமா பொருந்தும், நண்பர்களே?