மேட்டில் ஒரு மனை

“மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.” பேரூராட்சியில் எந்தக் கூட்டப் பொருளை எடுத்தாலும் இந்த வரியில்தான் முடியும். அதற்கு மேலே இருப்பது அலுவலகக் குறிப்பு: மனுதாரர் யார், என்ன கேட்கிறார், எந்தப் புல எண், விதி என்ன சொல்கிறது, பணம் எந்த நிதியிலிருந்து. தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சிகளில் செயல் அலுவலராக வேலை பார்த்தவன் நான். ஊர்க்காரர்கள் வாயில் ‘ஈ.ஓ. சார்’. சாக்கடை, தெருவிளக்கு, வரி பாக்கி என்று பொழுது ஓடிவிடும். ஆனாலும் பிடித்த வேலை எது என்று கேட்டால் அந்தக் குறிப்பு எழுதுவதுதான் என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தலைமை எழுத்தர் பழைய கோப்பைப் பார்த்து அப்படியே எழுதிக் கொண்டுவருவார். பெயரும் புல எண்ணும் மட்டும் மாறியிருக்கும். அடித்துத் திருத்தித் திருப்பிக் கொடுப்பேன்; முகம் சுருங்கும். குறிப்பைப் படித்தால் அந்த இடம் கவுன்சிலரின் கண்ணில் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. தெரியாவிட்டால் அவர் மனுதாரரின் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார். வேண்டியவர் என்றால் தூக்குவார், வேண்டாதவர் என்றால் மாட்டார்.

கட்டட அனுமதி, நில உபயோக மாற்றம், மனைப்பிரிவு எல்லாம் ஒரு மேசை. குடிநீர் இணைப்பு, தண்ணீர் வரவில்லை என்ற புகார், மோட்டார் பழுது எல்லாம் இன்னொரு மேசை. 1992-ன் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 18 பணிகளில் நகரமைப்பு முதலாவது, நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது இரண்டாவது, குடிநீர் ஐந்தாவது. சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அலுவலகத்தில் தனித்தனி பீரோவில் இருந்தன. இன்று அனுமதி வாங்கிப் போகிறவர் இரண்டு மூன்று வருடத்தில் வைப்புத்தொகையோடு குழாய் கேட்டு வந்து நிற்பார். ‘அந்தப் பக்கம் லைன் இல்லைங்க’ என்று அப்போது சொல்ல வேண்டியதும் இதே அலுவலகம்தான். விதியிலிருந்து விலக்கு கேட்கும் எந்த மனுவானாலும் அது தண்ணீர் மனுவும்கூட. நான் எழுதிய குறிப்புகளுக்கெல்லாம் அடிப்படை இது ஒன்றுதான்.

விலக்கு கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மன்றத்தின் அதிகாரம் எதுவரை என்று தெரியாது. ‘தலைவர் மனசு வெச்சா நடக்கும்’ என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்ட வேண்டும், ஒரு அடிதான் சார், நீங்களே பார்த்துக் கொடுங்க என்பார்கள். கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் வகுத்துவிட்டன. அதைத் தளர்த்தும் அதிகாரம் மன்றத்துக்குக் கிடையாது. இந்த மனுக்களுக்கு இரண்டு வரி போதும்.

நில உபயோக மாற்றம் வேறு ஜாதி. விவசாய நிலம் மனையாக வேண்டும், குடியிருப்புப் பகுதியில் தொழிற்கூடம் வர வேண்டும் என்று வருபவை. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முடிவு எடுப்பது மேலே. நன்செய் என்றால் வேளாண்மைத் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். மன்றத் தீர்மானம் அந்தக் கோப்பில் ஒரு தாள்தான். அதனாலேயே சில கவுன்சிலர்கள் ‘நாம சொல்லி என்ன ஆகப் போவுது’ என்று படிக்காமலே ஒப்புக்கொள்வார்கள். நான் அந்த ஒரு தாளை மதித்தேன். நகர் ஊரமைப்பு அலுவலகத்து வரைபடத்தில் சாலை இருக்கும், ஓடை இருக்கும், உயர் அழுத்த மின்கம்பி இருக்கும். எந்தத் தெருவில் குழாய் திறந்தால் காற்று மட்டும் வருகிறது என்பது இருக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மன்ற மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

ஒரு கூட்டத்தில், கடைசி வார்டு அம்மா ஒருவர் எழுந்து, “மேப்ப வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க சார். காலைல அஞ்சரைக்கு எங்க தெருவுக்கு வாங்க” என்றார். போனேன். அதற்குப் பிறகு விலக்கு மனு எதுவானாலும் தண்ணீர் விடும் நேரத்தில் இடத்தைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் போனால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் குழாய் இடுப்புயரத்தில் நிற்கும். குடத்தை மேடையில் வைத்துப் பிடிப்பார்கள். தெரு நீள நீளக் குழாய் குட்டையாகும். கடைசியில் தரைக்குக் கீழே போய்விடும். அழுத்தம் பத்தாமல் மேலே ஏறாத தண்ணீரைப் பிடிக்க ஜனங்களே குழி தோண்டி, குழாயைக் கீழே வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். வசதியுள்ள வீட்டில் குழிக்கு சிமென்ட் பூசி, இறங்கப் படியும் வைத்திருப்பார்கள். ஒருவர் குழிக்குள் உட்கார்ந்து மொண்டு கொடுக்க, இன்னொருவர் மேலே வாங்குவார். அழுத்தமானி எதுவும் வேண்டாம், குழியின் ஆழமே கணக்குச் சொல்லிவிடும். இன்னொரு சங்கதியும் அதில் உண்டு. தண்ணீர் நின்றதும் குழாய் உள்ளே இழுக்கும். மேட்டு வீட்டில் யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். குழியில் தேங்கிய சாக்கடை அப்படியே லைனுக்குள் போகும். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் தட்ட வேண்டும். அந்த அம்மாவின் தெருவில் தட்டவில்லை.

அதே தெருவை ஒட்டியிருந்த புன்செய் ஒன்றை மனையாக மாற்றக் கேட்ட மனு அப்போது மேசையில் இருந்தது. குறிப்பில் அழுத்தம், குழாய் விட்டம் என்றெல்லாம் எழுதவில்லை. ‘மேற்படி இடத்துக்கு மிக அருகிலுள்ள பொதுக்குழாய் தரைமட்டத்துக்குக் கீழே இரண்டரை அடிக் குழியில் உள்ளது’ என்று எழுதினேன். மன்றம் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியது. புதிய லைனுக்கு மனுதாரரும் பங்கு தர வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் போனது.

கணக்கும் தேவைதான். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கிற ஊரில் 135 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு வைத்த அளவு. 120 மனை, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் தினம் 33,600 லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு. அதை யாருடைய பங்கிலிருந்து எடுப்பது? இந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதிவிட்டால் ‘ஏகமனதாக’ என்ற சொல் தீர்மானப் புத்தகத்தில் அவ்வளவு சுலபமாக ஏறாது. தலைவர்களுக்கு அது பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘போர் போட்டுக்கறோம் சார்’ என்பது மனுதாரர்கள் வைத்திருக்கும் பதில். வேறு மாவட்டத்தில் அதை ஒப்புக்கொள்ளலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய ஒருவர் சிரித்தால் அவர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று பல்லைப் பார்த்தே ஊகிக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் திறந்தார்கள். காவிரித் தண்ணீரை மடம் என்ற இடத்திலுள்ள மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். ஊருக்கு ஊர் இவ்வளவு என்று அளவு உண்டு. போர்த் தண்ணீரை நம்பி ஒரு மனைப்பிரிவை அனுமதித்தால், பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் பணயம் வைத்து அனுமதிக்கிறோம். குறிப்பில் இப்படி எழுத முடியாது. ஆய்வக அறிக்கையை இணைப்பாக வைக்கலாம், வைத்தேன்.

ஃப்ளோரைடு இருக்கிற ஊரில் கேன் தண்ணீர் நல்ல வியாபாரம். குடியிருப்புத் தெருவில் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கூடம் வைக்க ஒருவர் கேட்டார். ஊருக்கு நல்லதுதானே என்று பாதி மன்றம் அவர் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கம் மீதி: எங்கள் போர் வற்றிவிடும், விடியற்காலையிலிருந்து வண்டிச் சத்தம். இரண்டு பக்கமும் கேட்காத ஒன்று இருந்தது. ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் போகும் தண்ணீர் முழுவதும் கேனுக்குப் போவதில்லை. கணிசமான பங்கு கழிவாக வெளியேறும், வடிகட்டிய உப்பும் ஃப்ளோரைடும் அதில்தான் செறிந்திருக்கும். மனுவோடு இருந்த வரைபடத்தில் அந்தக் கழிவுக்குழாய் தெருச் சாக்கடையில் முடிந்தது. தெருச் சாக்கடை ஏரியில் முடிகிறது. ஏரிக்கரையில்தான் பேரூராட்சியின் பழைய கிணறு. குறிப்பில் இந்த நான்கையும் வரிசையாக எழுதினேன், கருத்துச் சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது. அவர் ஊருக்கு வெளியே தொழிற்பகுதியில் இடம் பார்த்துக்கொண்டார். எனக்கு அதில் முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். கழிவு அங்கேயும் எங்கோ போகத்தானே செய்யும்.

இடையில் மன்றமே இல்லாத காலம் ஒன்றும் இருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதுவரை செயல் அலுவலர்களே தனி அலுவலர்கள். குறிப்பு எழுதுவதும் நான், பார்வைக்கு வைப்பதும் எனக்கே, முடிவெடுப்பதும் நான். கோப்புகள் வேகமாக நகர்ந்தன என்று பாராட்டியவர்கள் உண்டு. நகர்ந்தது உண்மை. அஞ்சரை மணிக்கு வா என்று சொல்ல ஆளில்லை என்பதும் உண்மை. பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய மன்றம் 2022-ல் வந்தபோது, முதல் கூட்டத்தில் பேசியவர்களில் பெரும்பாலோர் எடுத்தது குழாயைத்தான். சிலருக்குக் கணவர்கள் வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

அதே 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தது. வரன்முறை ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பிறகு வந்த வருடங்களின் பெரிய வேலை. பத்தடிச் சந்தில், எங்கோ இருக்கும் லைனிலிருந்து, வீட்டுக்கொரு அரை அங்குலக் குழாய் பாம்பு மாதிரி நெளிந்து போகும். ஒன்று உடைந்தால் எது யாருடையது என்று பிட்டருக்கே தெரியாது.

புது மனைப்பிரிவில் அந்த நிலை வராமல் தடுக்க விதியில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கென்று 0.5 சதவீதம் உள்ளாட்சிக்கும் 0.5 சதவீதம் மின்வாரியத்துக்கும் ஒதுக்க வேண்டும். தொட்டி கட்ட இடம் இதுதான். உரிமையாளர்கள் மறுக்காமல் கொடுப்பார்கள். கொடுப்பது ஓடையை ஒட்டிய பள்ளத்து மூலை. விற்காத மனை எதுவோ அது. பத்து மீட்டர் உயரம் சுமாராக ஒரு கிலோ அழுத்தம். பள்ளத்தில் தொட்டி கட்டினால் அந்த அழுத்தத்தில் பாதி மேட்டு வீடுகளை எட்டுவதற்குள் போய்விடும். பிறகு மேட்டு வீட்டுக்காரர் மோட்டார் போடுவார், கடைசி வீட்டுக்காரர் குழி வெட்டுவார். ஆகவே பரப்பளவு சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஓவர்சியரை மட்டக்குழாயோடு அனுப்பி எந்த மூலை உசரம் என்று பார்த்துவரச் சொல்வேன். தொழில்நுட்ப அனுமதிக்கு வரைபடம் மேலே போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கோடு நகராது.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஒரு கையெழுத்துக்காக ஜனங்கள் படியேறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வீடு கட்டும் கட்டத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்க அலுவலகத்துக்கு இருந்த இடம் போய்விட்டது. இனி மனைப்பிரிவுக் கோப்பில் கேட்டால்தான் உண்டு. எனக்குப் பிறகு வந்தவரிடம் இதைத்தான் சொன்னேன்: மேட்டில் ஒரு மனை ஒதுக்காத வரைபடத்தை அடுத்த மேசைக்கு அனுப்பாதீர்கள். அவரும் அப்படியே செய்துவருகிறார். போன மாதம் ஒரு கோப்புக்கு மட்டும், ‘தொட்டிய எங்க வேணா கட்டலாமே, மெயின்ரோட்டு மூலைய ஏன் கேக்கறீங்க’ என்று போன் வந்ததாம். விசாரித்தால், அந்த மூலை மனைக்கு உரிமையாளர் ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டார்.