கப்பலறையில் ஒரு தொட்டில்

மனிதன் தன் இல்லத்தில் உறங்கும்பொழுது இடத்தைப்பற்றிப் பெரிதும் எண்ணுவதில்லை. கட்டிலை எங்கே இடுவது, தலையை எத்திசையில் வைப்பது என்பனவெல்லாம் அங்குப் பழக்கத்தால் முடிந்துபோன காரியங்கள். பிரயாணத்தின்போதுதான் உறக்கத்துக்கு இடம் வேண்டும் என்னும் உண்மை அவனுக்குப் புலனாகின்றது. நடைபயிலும் பருவத்துப் பிள்ளையொன்று உடன்வருமாயின் அவ்வுண்மை மேலும் அழுத்தம் பெறுகின்றது. பெரியவர் படுக்கையைத் தேடுவர். பிள்ளையோ பழகிய இருளையும் பழகிய மணத்தையும் பழகிய மூச்சொலியையும் தேடும். உல்லாசப் பயணக் கப்பலொன்றின் சிற்றறையில் இவ்விரு தேட்டங்களும் எதிர்ப்படும்பொழுது எழும் சிக்கல் பார்வைக்கு அற்பமானதே. ஆயினும் அதனுள்ளே ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் அடங்கிக் கிடக்கின்றது.

கோடைகாலத்தில் இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நோர்வேக் கரையோரமாக நோர்ட்காப் என்னும் வடகோடி முனைவரை சென்று மீளும் கப்பல்கள் உள. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் நீளும் அத்தகைய பயணமொன்றுக்குப் பதினெட்டு மாதப் பிள்ளையோடு வந்துசேரும் ஒரு தம்பதியின் நிலை இங்கே நோக்கத்தக்கது. பலநாட் சேமிப்பைச் செலவிட்டு அவர்கள் பெற்றிருப்பது யன்னலற்ற உள்ளறை. அதன் பரப்பு 14 அல்லது 15 சதுர மீற்றர். அதற்குள்ளேயே குளியலறை, அலுமாரி, சிறுமேசை என்பனவும், ஒன்றுசேர்த்து இரட்டைக் கட்டிலாக ஆக்கப்பட்ட இரு ஒற்றைக் கட்டில்களும் அடங்கவேண்டும். முன்கூட்டியே கேட்டிருந்தமையால் பணியாளர் ஒருவர் மடக்குத் தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்து விரிக்கிறார். அது ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமும் 70 சதமமீற்றர் அகலமும் கொண்டது. கட்டிலின் காற்புறத்தில் வைத்தால் வாயிலுக்குச் செல்லும் வழி அடைபடுகின்றது. அலுமாரியருகே வைத்தால் குளியலறைக் கதவு திறவாது. பெட்டிகளைக் கட்டிலின் கீழே தள்ளிய பின்னரும் நிலைமை மாறவில்லை. தொட்டில் அவ்வறையில் விருந்தாளியாய் வந்து நிற்கின்றது.

கப்பலில் பிள்ளைக்கு எவ்வளவு இடம் என்னும் வினா இன்று எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தோர் கப்பலின் கீழ்த்தட்டில் நெருக்குண்டு சென்றனர். அவர்களைப் பாதுகாக்கவென இயற்றப்பட்ட 1855ஆம் ஆண்டின் பிரயாணிகள் சட்டம், 'சட்டப்படியான வளர்ந்தவர்' ஒருவருக்கு 6 அடி நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட படுக்கையிடம் அளிக்கப்படல் வேண்டும் என விதித்தது. ஒரு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் இருவர் சேர்ந்தே அச்சட்டத்தின் கண்ணில் வளர்ந்தவர் ஒருவராயினர். எனவே ஒரு பிள்ளையின் பங்கு 9 அங்குலமே. ஒரு வயது நிரம்பாத சிசு அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. சட்டம் ஒதுக்காத அவ்விடத்தைத் தாய் தன் பதினெட்டு அங்குலத்திலிருந்து வெட்டிக் கொடுத்தாள் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

அக்கணக்கின் சாயல் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. 'டைட்டானிக்' 1912இல் மூழ்கியதன் விளைவாக 1914இல் முதன்முதல் உருவாகி, 1974இல் புதுவடிவம் பெற்ற கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, 'பிரயாணி' என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறுகையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை அதனின்று விலக்கியே கூறுகின்றது. ஆயினும் 2010இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணங்களில் கப்பலிலுள்ள ஒவ்வொரு சிசுவுக்கும் உரிய உயிர்காப்பு அங்கி இருத்தல் வேண்டும். அங்கியின் அளவை வயது தீர்மானிப்பதில்லை. 15 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடையோர்க்கு உரியது சிசுவின் அங்கி. ஆகவே பதினெட்டு மாதப் பிள்ளை வயதினாற் பிரயாணி, நிறையினாற் சிசு. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே நிற்கும் அதற்குத் தூங்க ஓரிடம் காண்பது அத்தம்பதியின் பொறுப்பாகின்றது.

வாயிலுக்குச் செல்லும் வழியை மறிக்கலாகாது என்பது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. 2012 சனவரி 13ஆந் திகதி இரவு 9.45 மணியளவில் இத்தாலியக் கரையருகே 'கொஸ்ரா கொன்கோர்டியா' என்னும் கப்பல் பாறையில் மோதியது. அவ்விபத்தில் 32 பேர் மாண்டனர். பிள்ளைகள் உறங்கியிருக்கக்கூடிய வேளை அது. அதுவரை, பிரயாணிகள் ஏறி 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினாற் போதும் என்றிருந்த அவசரகால ஒன்றுகூடற் பயிற்சி, 2015 சனவரி முதல், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ நடத்தப்படவேண்டும் என மாற்றப்பட்டது. நள்ளிரவில் மணியொலி கேட்குமாயின், தூக்கக் கலக்கத்தோடு எழும் தந்தை இருளிலே பிள்ளையை வாரியெடுத்துத் தடையின்றி வாயிலை அடையவேண்டும். தொட்டிலுக்கு இடம் தேடுவோர் இந்த ஒரு காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டே தேடுதல் வேண்டும்.

இந்நிலையில் தாய் ஒரு வழி கூறுகிறாள்: தொட்டிலே வேண்டாம், பிள்ளை இருவருக்கும் நடுவே படுத்துக்கொள்ளட்டும். தந்தை இணங்கவில்லை. பிள்ளை தனித்து உறங்கப் பழகிவிட்டது, இரண்டு வாரத்தில் அப்பழக்கம் குலைந்துவிடும் என்பது அவர் வாதம். தாயின் விருப்பத்தைப் பேதைமை எனத் தள்ளிவிட முடியாது. மனித குலத்தின் பெரும்பகுதி தாயின் அணைப்பிலேயே உறங்கி வளர்ந்தது; இன்றும் பல நாடுகளில் அதுவே வழக்கம். ஆனால் கப்பற் கட்டில் வீட்டுக் கட்டிலன்று. ஒன்றுசேர்த்த இரு மெத்தைகளின் நடுவே ஒரு பிளவு உண்டு. பிள்ளை நடுவே கிடந்தால் அப்பிளவினுள் அமிழும், ஓரத்திற் கிடந்தால் கப்பல் ஒருபுறம் சாய்கையில் உருளும். சுவரிலிருந்து இறக்கப்படும் மேற்படுக்கையோ ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு உகந்ததன்று. நாற்புறமும் வலையடைத்த தொட்டில், பிள்ளை அதன்மேல் ஏறிக் கடக்கக் கற்காதவரையில், இவ்விடர்களைத் தவிர்க்கின்றது.

இதிலே ஒரு விந்தை உண்டு. பெரியோர் அஞ்சும் அந்த அசைவே பிள்ளைக்கு நண்பனாகின்றது. நம்மவர் வீடுகளில் ஏணை கட்டி ஆட்டிய தாய்மார் அனுபவத்தால் அறிந்திருந்ததை, ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வளர்ந்தவரிடத்தே சோதித்து, மெல்ல ஆடும் படுக்கையில் உறக்கம் விரைந்து வருகின்றது எனக் கண்டனர். எலிகளிடத்தே நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, உட்செவியிலே சமநிலையை உணரும் உறுப்பின் வழியாகவே அப்பயன் விளைகின்றது என்பதைக் காட்டியது. கடற்பிணியும் அதே உறுப்போடு தொடர்புடையதே. எனினும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அது அரிதாகவே வருத்தும். எனவே வடகடலில் அலை எழும் இரவில் பிள்ளை அயர்ந்து தூங்க, தாய் தலைசுற்றலோடு விழித்திருப்பாள். கப்பலின் நடுப்பகுதியிலே தாழ்ந்த தட்டில் அமைந்த அறை குறைவாக அசையும் என்பதால், அத்தகைய அறையைத் தேர்ந்தெடுப்பது தாயின் பொருட்டே பெரிதும் பயன்படும்.

யன்னலற்ற அறையென முதலிற் குறைபட்டுக்கொண்டவர்கள், வடக்கே செல்லச்செல்ல அதன் அருமையை உணர்கின்றனர். நோர்ட்காப் முனையில் மே மாத நடுப்பகுதியிலிருந்து யூலை மாத இறுதிவரை சூரியன் மறைவதேயில்லை. மேற்தட்டுகளில் மிகுந்த பணம் கொடுத்து உப்பரிகையுள்ள அறை பெற்றோர், திரைச்சீலையின் இடுக்குவழியே நுழையும் நள்ளிரவு வெயிலோடு போராடுவர். ஒளியானது சிறுபிள்ளையின் துயிலை எவ்வளவு குலைக்கும் என்பதை, அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் மூன்று முதல் ஐந்து வயதுடைய பிள்ளைகளிடத்தே நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகின்றது: படுக்குமுன் ஒரு மணித்தியாலம் பெற்ற பிரகாசமான ஒளி, துயிலைத் தூண்டும் மெலற்றோனின் சுரப்பினை ஏறத்தாழ 88 சதவீதம் அடக்கிவிட்டது. ஆகவே அக்கப்பலில் மலிந்த விலைக்குரிய அறையே பிள்ளைக்கு மாளிகையாயிற்று. நோர்வேயின் நேரம் பிரித்தானிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியதாதலால், கப்பலிலே கடிகாரங்கள் முன்தள்ளப்படும். பிள்ளையின் உடலில் ஓடும் கடிகாரமோ எவருடைய அறிவித்தலுக்கும் செவிசாய்ப்பதில்லை. இருளும் வழமையான இரவுணவும் வழமையான பாட்டுமே அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பவல்லன.

பிள்ளைக்கு நலம் செய்த அவ்விருளே பெற்றோரைச் சோதனைக்குள்ளாக்குகின்றது. ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைக்குப் பகலுறக்கமும் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணித்தியால உறக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல். அதன்படி மாலை ஏழரை மணிக்கே விளக்கு அணைகின்றது. கப்பலின் நாடக அரங்கும் இசை மண்டபமும் அப்பொழுதுதான் உயிர்பெறுகின்றன. பிள்ளைகளைக் கூட்டாகப் பராமரிக்கும் நிலையங்கள் பல கப்பல்களில் மூன்று வயது நிரம்பியோரையே ஏற்கும். உறங்கும் பிள்ளையைத் தனியே பூட்டிச் செல்வது எண்ணிப்பார்க்கவும் ஆகாத செயல். எனவே ஒருவர் வெளியே செல்ல மற்றவர் இருளில் அமர்ந்திருக்கவேண்டும். சிலர் குளியலறைத் தரையில் அமர்ந்து புத்தகம் வாசிப்பர். கப்பலறைச் சுவர்கள் பெரும்பாலும் உருக்கினாலானவையாதலின், காந்தக் கொளுக்கிகளால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அதன் மறுபுறத்தில் சிறு விளக்கொன்றின் கீழ்த் தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்வோரும் உளர். புகையுணரியையும் நீர்தெளிக்கும் குழாயையும் அத்துணி மறைக்காதிருத்தல் அவசியம். ஒன்றாய்க் காணவென்று வந்த உலகைத் தனித்தனியே காண்பதென்பது அத்தம்பதி எதிர்பாராத செலவு. அதன்பொருட்டு எழும் மனத்தாங்கலைப் பயண விளம்பரங்கள் எவையும் கூறுவதில்லை.

தொட்டிலின் சிக்கலை இறுதியில் தீர்த்துவைத்தவர் அறைப் பணியாளரே. ஒன்றுசேர்த்த கட்டில்களைப் பிரித்து இருபுறச் சுவரோடும் ஒதுக்கினார். நடுவே பிறந்த இடைவெளியில் தலைப்புறமாகத் தொட்டிலை வைத்தார். வாயிலுக்கு வழி திறந்தது. குளியலறைக் கதவும் திறந்தது. தாய் கையை நீட்டினாற் பிள்ளையின் நெற்றி எட்டும். தந்தை நீட்டினாலும் எட்டும். அருகில் வேண்டும் என்ற அவள் விருப்பமும் தனிப்படுக்கை வேண்டும் என்ற அவர் வாதமும் ஒருங்கே நிறைவேறின. கணவனும் மனைவியுமே பிரிந்து படுக்க நேர்ந்தது.

இத்தீர்வை நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. பிள்ளைக்கென்று வெற்றிடம் எங்கும் காத்திருப்பதில்லை. 1855ஆம் ஆண்டின் கீழ்த்தட்டிலும் அது தாயின் பங்கிலிருந்தே பெறப்பட்டது. இன்றைய சொகுசு அறையிலும் பெற்றோரின் பங்கிலிருந்தே பெறப்படுகின்றது. மாறியது அளவு, தாய் மட்டும் கொடுத்ததை இன்று இருவரும் சேர்ந்து கொடுக்கலாம் என்னும் நிலையும் அன்று காணற்கரிதாயிருந்தது. கொடுப்பது இருவருக்கும் பொதுவாகுமிடத்து மனத்தாங்கலின் கூர் மழுங்குகின்றது.

கப்பல் நோர்ட்காப்பை அடையும் இரவில், பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பாகத் தந்தை மேற்தட்டுக்குச் சென்று, கடல்விளிம்பில் மறையாது நிற்கும் சூரியனைப் பார்த்துவிட்டு விரைந்து இறங்குகிறார். கதவை ஓசையின்றித் திறந்து மனைவியின் தோளைத் தொடுகிறார். அவள் காலணியைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள். அரைமணி கழித்து அவள் மீண்டதும், இருவரும் தொட்டிலுக்கு இருமருங்கும் படுத்தபடி, தாம் தனித்தனியே கண்ட சூரியனைப்பற்றி மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்கின்றனர். நடுவே பிள்ளை புரண்டு படுக்கின்றது. பேச்சை நிறுத்தி, அதன் மூச்சு மீண்டும் சீராகும்வரை இருவரும் காத்திருக்கின்றனர்.