வல்லம் நீரில் இறங்குமுன்

பாம்பன், ஏப்ரல் 17

விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் நேற்று முன்தினம் தொடங்கியதிலிருந்து இக்கரை முழுவதும் தச்சர்களும் மெக்கானிக்குகளும் வெல்டிங்காரர்களுமாக நிறைந்திருப்பதால், பல வருஷங்களாகப் பனையோலைக் கொட்டகைக்குள் கிடக்கும் எங்கள் தகப்பனாரின் வல்லத்தைச் சீர்செய்து நீரில் இறக்க இதைவிட உசிதமான சமயம் வாய்க்காது என்று தீர்மானித்து, இன்று காலை கொட்டகையின் முன்தட்டியை அவிழ்த்தோம். அயினிப் பலகைகளால் ஆன 32 அடி நீளமுள்ள உடல்; இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளைகளைத் தேடியெடுத்து அறுத்து, விலா எலும்புகள்போலப் பலகைகளைத் தாங்கும்படி பொருத்திய வங்குக்கால்கள்; நடுவில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் யந்திரம். நாட்டுப்படகு என்ற வகையைச் சேர்ந்ததாகையால் அரசாங்கத் தடை இதைக் கட்டுப்படுத்தாது. காலமும் வெயிலும் விதித்த தடையை நீக்குவதே எங்கள் பொறுப்பு.

உள்ளே இறங்கி நின்று பார்த்தால், பலகைக்கும் பலகைக்கும் இடையே பகல் வெளிச்சம் கோடுகோடாகத் தெரிகிறது. பார்க்க வந்தவர்களில் சிலர், மரத்தின்மேல் ஃபைபர் துணியை ஒட்டி மூடிவிட்டால் ஒரே வாரத்தில் காரியம் முடிந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார்கள். ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் பழைய பலகைகளின்மேல், அசையாத ஓர் ஓட்டைப் போர்த்தினால், ஒட்டு விட்டுப்போவதோடு, உள்ளே சிறைப்பட்ட ஈரம் மரத்தை ஒருவர் கண்ணிலும் படாமல் அழுகச் செய்துவிடும். ஆகவே அந்த யோசனையை மரியாதையோடு மறுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

இன்று முழுவதும் ஒரு கூரிய ஊசியுளியைக் கையில் வைத்துக்கொண்டு, அணியத்திலிருந்து சுக்கான் வரையில் மரத்தைச் சாண் சாணாகக் குத்திப் பார்த்தேன். கடல்நீர் பட்ட இடங்களெல்லாம் கெட்டியாகவே இருக்கின்றன. கொட்டகைக் கூரை கிழிந்த இடத்தில் மழைநீர் சொட்டித் தேங்கிய பின்புறப் பலகை ஒன்றுதான் உளியை வெண்ணெய்போல உள்ளே வாங்கிக்கொண்டது. கடலில் மிதப்பது கெடும், கரையில் இருப்பது பத்திரம் என்ற எண்ணம் சாமான்யமாக எல்லாருக்கும் உண்டு. ஆனால் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைநீரோ மிகவும் உகந்தது. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்கு மேலே போய், காற்றோட்டமும் இல்லாவிட்டால் அதன் ராஜ்யம்தான்.

அடிக்கட்டையான ஏராவை ஒட்டிய முதற்பலகையில் குண்டூசி முனையளவு துளைகள் சில தென்பட்டன. ஓரிடத்தில் செதுக்கிப் பார்த்ததில், உள்ளே சுண்டுவிரல் பருமனுக்கு நீண்ட குகைகளும், அவற்றின் சுவரில் வெண்மையான சுண்ணப் பூச்சும் காணப்பட்டன. கடற்புழு என்று நாம் சொல்லும் அப்பிராணி உண்மையில் புழுவே அல்ல. சிப்பியின் இனத்தைச் சேர்ந்தது. குஞ்சுப் பருவத்தில் கண்ணுக்குப் புலனாகாத அளவில் மரத்துக்குள் நுழைந்து, வாழ்நாள் முழுவதும் வெளியே வராமல், தன் ஓட்டையே அரமாகக் கொண்டு மரத்தை அராவிக்கொண்டே போகும். அராவிய சுவரைச் சுண்ணத்தால் பூசியும் வைக்கும். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய மார்க் புரூனெல், தோண்டிய இடத்தைத் தாங்கிக்கொண்டே முன்னேறும் தம்முடைய இரும்புக் கவசத்துக்கான யுக்தியை இப்பிராணியிடமிருந்துதான் கற்றார் என்று சொல்வதுண்டு. அச்சுரங்கம் 1843-ல் திறக்கப்பட்டது. நீரை விட்டு வெளியே வந்தால் சில வாரங்களில் இது மாண்டுவிடுமாதலால், நெடுங்காலம் கரையில் கிடந்ததனால் எங்கள் வல்லத்துக்கு நேர்ந்த ஒரே உபகாரம் இதுவே. அந்தப் பலகையையும், அழுகிய பின்பலகையையும் மாற்றியாக வேண்டும்.

ஏப்ரல் 29

தச்சர் இரண்டு பலகைகளையும் மாற்றிச் செம்பாணி அடித்து முடித்தார். அயினிக்குச் சொன்ன விலை அதிகம்தான்; மரம் குறையற்றதாக இருந்தது.

மே 4

பலகை மூட்டுகளில் திரி அடைக்கும் கலப்பத்துக்காரப் பெரியவர் வந்தார். வயது எழுபதுக்கு மேலிருக்கும். வந்தவுடன் வேலையைத் தொடங்காமல், வல்லத்தை ஒருமுறை சுற்றி வந்து, விரிந்திருந்த ஒவ்வொரு மூட்டிலும் நகத்தை நுழைத்துப் பார்த்து, அப்பா இருந்த காலத்தில் எந்தக் கடலில் எத்தனை நாள் ஓடியது என்று விசாரித்துவிட்டு, வெற்றிலைப் பையைத் திறந்து உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய இடைவெளிகளை நிரப்ப எத்தனை கட்டுப் பருத்தித்திரி வேண்டியிருக்கும் என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி ரொப்பணும்? வெளிச்சம் தெரியுதேன்னு இப்பவே இறுக்கி அடிச்சுட்டா, மரம் ஊறி வரும்போது அதுக்கு இடம் எங்க இருக்கு? வங்குக்காலை விட்டுப் பலகை கழண்டு போயிரும். ஆணி தாங்காது" என்றார்.

"அப்படியென்றால் ஒழுகாதா ஐயா?"

"ஒழுகும். ஒழுகட்டும். பாதி வேலை நான் பாக்குறேன், மீதியைத் தண்ணி பாத்துக்கிரும்."

பெரியவர் அனுபவத்தால் கண்டதை மர சாஸ்திரமும் அப்படியே ஒப்புக்கொள்கிறது. காய்ந்த மரம், தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை வாங்கும்வரை விரிந்துகொண்டே போகும். அந்த அளவைத் தாண்டிய நீர் மரத்தின் உள்ளறைகளில் தங்குமே தவிர அதை மேலும் பெருக்காது. விரிவதும் அகலத்தில்தான், நீளத்தில் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஆதலால் பக்கவாட்டு மூட்டுகள் நீரில் தாமாகவே நெருங்கிக்கொள்ளும். ஒரு பலகையின் நுனியும் அடுத்த பலகையின் நுனியும் சந்திக்கும் தலைமூட்டுகளோ எத்தனை நாள் ஊறினாலும் நெருங்கமாட்டா. பெரியவர் பக்கமூட்டுகளில் திரியை இளக்கமாக வைத்துக்கொண்டே போய், தலைமூட்டு வந்த இடங்களில் மட்டும் கையின் பலம் முழுவதையும் காட்டினார். ஈரத்தைப் பற்றிய அந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் அவர் படித்திருக்க நியாயமில்லை.

மே 8

கலப்பத்து நடக்கும்போது அருகில் உட்கார்ந்து கேட்பதே ஒரு சுகம். தட்டை உளியை மூட்டில் வைத்து, கொட்டாப்புளியால் அடிக்கும்போது முதலில் பொத்தென்று மந்தமாக எழும் ஓசை, திரி உள்ளே போய் அமர அமர மெல்ல ஏறி, ஒரு குறிப்பிட்ட ஸ்தாயியை எட்டியதும் பெரியவர் நிறுத்திவிடுகிறார். கண்ணைப் பெரும்பாலும் மூடியே இருந்தார். அடித்த திரியின்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் கலந்த மெழுகை இளஞ்சூட்டில் வைத்து வழித்தார். இறுகினாலும் இது கல்லாகிவிடுவதில்லை, பலகை நெருங்கும்போது பிதுங்கி வெளியே வந்து இடம்விடும்.

2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களுக்கு அவை விரைவாகக் கிடைத்தன, பராமரிப்பும் சுலபம். ஆனால் மரப்படகு குறைந்ததோடு இந்தத் தொழிலும் குறைந்து, இன்று இத்தீவில் இவரைப்போல ஓசையைக் கேட்டு அடிக்கத் தெரிந்தவர்கள் அரிதாகிவிட்டார்கள். செவியில் குடியிருக்கும் ஒரு வித்தையை எழுதிவைத்துக் காப்பாற்ற முடியாது என்பதால், அவர் சம்மதித்தால் யாரேனும் ஓர் இளைஞனை அவருடன் அமர்த்த வேண்டும் என்ற ஆசை எனக்குப் பலமாக எழுந்திருக்கிறது. யந்திரத்தைப் பார்க்க வரும் மெக்கானிக் பையன் இன்று தன் வேலையை விட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

மே 15

யந்திரத்தில் இன்று கை வைத்தோம். நெடுநாள் ஓடாத யந்திரத்தைக் கண்டதும் ஹாண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் யாருக்கும் எழும். ஆனால் பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கையில் பலாத்காரம் செய்தால் வளையம் முறியும், சுவர் கீறும். ஆகவே போன வாரமே இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் மசகெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டிருந்தோம். இன்று டிகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிவைத்து, ஹாண்டிலை முன்னும் பின்னுமாக அசைத்தபோது முதலில் விரற்கடையளவும், பிறகு கால் சுற்றும், கடைசியில் ஒரு முழுச் சுற்றும் வந்தது.

டீசல் தொட்டியின் அடியில் தேங்கியிருந்த நீருக்கும் அதன்மேல் மிதந்த டீசலுக்கும் நடுவே கறுத்த சளி போன்ற ஒரு படலம் இருந்தது; நீரும் எண்ணெயும் சந்திக்கும் அந்த எல்லையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்த வேலை அது. தொட்டியை முழுவதும் கழுவி, ஃபில்டர், ரப்பர் குழாய்கள், நீர்ப்பம்பின் இம்பெல்லர் எல்லாவற்றையும் மாற்றினோம். எரிபொருட் பாதையில் ஒரு குமிழி தங்கினாலும் டீசல் யந்திரம் கிளம்பாது. தீப்பொறி இன்றி, அமுக்கப்பட்ட காற்றின் சூட்டினாலேயே பற்றிக்கொள்ளும் இதற்கு, உரிய தருணத்தில் உரிய அழுத்தத்தோடு டீசல் சீறி விழவேண்டும். குமிழி இருந்தால் பம்பின் பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே விரயமாகிவிடும். ஆகையால் ஃபில்டரிலிருந்து தொடங்கி இன்ஜெக்டர் வரையில் ஒவ்வொரு இணைப்பாக இளக்கி ஏர் எடுத்தான் பையன். மாலையில், நீர்ப்பம்புக்கு ஒரு டிரம்மிலிருந்து தண்ணீர் கொடுத்துச் சுற்றியபோது, வெண்புகையைக் கக்கித் தயங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அப்பாவின் காலத்தில் அதிகாலையில் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் சப்தம் அது. அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

மே 24

அடிப்பாகத்துக்குச் செம்புச் சாயம் பூசினோம். கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருப்பதற்குக் காரணம், அந்தச் செம்பு நீரில் சிறிது சிறிதாகக் கரைவதே. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகடு அரிக்கப்படாதிருக்க அதனோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைக்கும் உபாயத்தைக் கண்டார். தகடு அரிபடுவது நின்றது. ஆனால் கரைவதும் நின்றுவிட்டதால் கடலுயிர்கள் அடர்ந்து மூடிக் கப்பலின் வேகம் குன்றிற்று. ஆகையினால் துத்தநாகக் கட்டியை விசிறிக்கும் ஷாஃப்டுக்கும் மட்டும் காவலாக வைத்து, அதன்மேல் சாயம் படாமல் பார்த்துக்கொண்டோம். பெரிதாக வைத்தால் அதிக நன்மை என்று எண்ணலாகாது; அளவு மிஞ்சினால், காக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரத்தன்மை பெருகி, அங்குள்ள மரம் நாராய்ப் பிரிந்துவிடும்.

ஜூன் 1

ஒரு வாரமாக வல்லத்தின் உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பி, காலையும் மாலையும் கடல்நீரைக் குடங்குடமாக ஊற்றிவருகிறோம். வெளிச்சக் கோடுகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. கச்சான் காற்று வலுத்துத் தென்கடல் கொந்தளிப்பதால், இறக்குவது வடகடலில்தான்.

ஜூன் 5

உருளைக்கட்டைகளின்மேல், ஊரார் கை கொடுக்க, வல்லம் நீரில் இறங்கியது. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவாதலால், இடுப்பளவு ஆழத்திலேயே மணலின்மேல் கயிறு கட்டி நிறுத்தினோம். அமிழ்ந்தாலும் மணலில் உட்காருமே தவிர நஷ்டம் வராது. இறங்கிய நாழிகையிலேயே உள்ளே கணுக்கால் அளவு நீர் ஏறிவிட்டது. உறவினர்களின் முகங்கள் வாடின. பெரியவர் மட்டும் அணியத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இரவு முழுவதும் முறைபோட்டு இறைத்தோம். விடியும்போது இறைக்கவேண்டிய இடைவேளை நீண்டிருந்தது.

ஜூன் 10

கசிவு அனேகமாக நின்று, பின்புறத்துத் தலைமூட்டு ஒன்றில் மட்டும் துளித்துளியாக வருகிறது. அடுத்த முறை கரையேற்றும்போது அதற்கு உட்புறம் ஒரு பலகைத்துண்டு வைத்துத் தைக்கவேண்டும் என்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

கரையிலேயே ஷாஃப்டை நேர்பார்த்துக் கப்ளிங்கைப் பூட்டிவிடலாமே என்று முன்பு கேட்டபோது பையன் மறுத்தது இன்றுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று. கட்டைகளின்மேல் நிற்கும் படகு ஒரு வடிவம், நீர் எங்கும் ஒன்றாகத் தாங்கும் படகு வேறொரு வடிவம். ஊறி நிலைபெற்ற பிறகு இன்று கப்ளிங்கின் இரு முகங்களையும் நெருக்கி, மெல்லிய தகட்டளவியை நாற்புறமும் நுழைத்துப் பார்த்ததில், கரையில் ஒத்திருந்த இடைவெளி மேலும் கீழும் கண்கூடாகப் பேதப்பட்டிருந்தது. யந்திரத்தின் பாதங்களுக்கு அடியில் தகடு வைத்தும் எடுத்தும், வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வந்தபின் போல்ட்டுகளைப் பூட்டினான். ஷாஃப்ட் வெளியேறும் இடத்துக் கிளாண்டை அடியோடு இறுக்காமல், ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசியும்படி விட்டான். அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைச் சூடேறாமல் காக்கிறது.

நங்கூரத்தோடு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் அதிர்வில்லை, சூடில்லை. பையன் நாளை முதல் மாலை வேளைகளில் பெரியவரிடம் போவதாகச் சொல்கிறான். பக்கத்துக் கரையில் ஒரு பழைய வத்தைக்குக் கலப்பத்து தொடங்குகிறதாம். காற்று இறங்கினால் நாளைக் காலை பாலம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்புவதாக உத்தேசம். இறைவாளி இரண்டும் படகிலேயே இருக்கட்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.