பொய்யுரைக்காத சோதனை

கடந்த விடுமுறையில், ஹற்றனை அடுத்த தோட்டமொன்றின் சம்பளக் கணிப்பு மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் நிரலொன்றை எழுதினேன். கொழுந்து நிறையைப் பதிந்து, இரு விநாடி காத்து, திரையிற் குறித்த புள்ளியை அழுத்தி, விடையை ஒப்பிடுவதே அதன் பணி. ஒருநாள் தேறியது, மறுநாள் தவறியது. மென்பொருளில் மாற்றமேதுமில்லை, பழைய கணினி தாமதித்தபோது, சாளரம் திறக்குமுன்னரே நிரல் அழுத்திவிட்டது.

‘கணினியின் தாமதம்’ என்று தோல்விகளைத் தள்ளிவிடப் பழகினோம். மெய்யான பிழையொன்றைச் சுட்டிய தோல்வியையும் அவ்வாறே தள்ளினோம். முழுப்பேருக்குரிய நிறை அரைப்பேராய்க் கணிக்கப்பட்டிருந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாவென 2021இல் நிர்ணயிக்கப்படப் போராடியவர்களுக்கு அப்பாதி அற்பமன்று.

பின்னர் விநாடியை எண்ணாது, சாளரம் தோன்றும்வரை காக்கச் செய்தேன். பொத்தானை இடத்தாலன்றிப் பெயரால் இனங்காணச் செய்தேன். இப்போது ‘தவறு’ என்று நிரல் கூறினால், மறுபடி ஓட்டுவதில்லை; காரணத்தைத் தேடுகிறோம்.