அதட்டல் எட்டாத நாய்

ஜூன் 12

கால்நடை டாக்டர் இன்று உறுதியாகச் சொல்லிவிட்டார். குட்டிக்கு இரண்டு காதும் கேட்காது. அவள் பார்க்காத பக்கமாக நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார், எவர்சில்வர் தட்டைத் தட்டினார், விசில் ஊதினார். கைவீச்சின் காற்றும் தரையின் அதிர்வும் குட்டிமேல் படாமல் பார்த்துக்கொண்டார். அவை பட்டால் காது கேட்காத நாய்கூடத் திரும்பிப் பார்க்கும், நாம் ஏமாந்துபோவோம் என்றார். குட்டி திரும்பவே இல்லை. மேசைமேல் கிடந்த பஞ்சு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குக்கர் விசிலுக்கு எழாமல் அடுக்களை வாசலில் தூங்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது.

ராஜபாளையம் நாய்க்கு அழகு என்று எதைச் சொல்கிறோமோ, அந்தப் பால்வெள்ளை உடம்போடும் ரோஜா நிற மூக்கோடும் சேர்ந்து வருகிற குறை இது. உள்காதில் ஒலியை வாங்கும் செல்கள் பிழைத்திருக்க அங்கே நிறமிச் செல்களும் வேண்டும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணு சில குட்டிகளின் காதுக்குள் அந்த நிறமிச் செல்களைச் சேரவிடுவதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிடமும் இது உண்டு.

"செவிட்டு நாய் காவலுக்கு ஆகுமாம்மா? கொடுத்தவன்கிட்டயே திருப்பி விட்டுட்டு வந்திரு" என்றார் மாமா. மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வெள்ளச்சி என்று நேற்றே பெயர் வைத்தாயிற்று. இனி திருப்பிக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஜூன் 15

மாமாவுக்கு நாய் வளர்ப்பு என்றால் குரல்தான். மலையடிவாரத்து மாந்தோப்பில் அவர் வளர்த்த நாய்கள் அவருடைய ஒரு "ஏய்"க்குக் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்று வெள்ளச்சி அவர் செருப்பைக் கடித்தாள். பக்கத்து வீடுவரை கேட்கிற மாதிரி சத்தம் போட்டு, கையை ஓங்கி ஆட்டினார். அவள் ஆடுகிற கையைப் பார்த்தாள். விளையாடக் கூப்பிடுகிறார் என்று முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து வாலை ஆட்டினாள்.

இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். காது கேட்கிற நாய்க்கும் அதட்டல் என்ன சொல்லிக்கொடுக்கிறது? செய்துகொண்டிருப்பதை அந்த நேரத்துக்கு நிறுத்தவைக்கிறது. அதற்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு தகவலும் இல்லை. பயந்த நாய் அமைதியாக இருக்கிறது. நாம் அதைப் பழகிய நாய் என்று எடுத்துக்கொள்கிறோம்.

காலண்டர் தாளின் பின்பக்கம் சைகைகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். கட்டைவிரல் உயர்ந்தால் "சரி, நன்றாகச் செய்தாய்". உள்ளங்கை மேலே எழும்பினால் உட்கார வேண்டும். விரித்த கை முகத்துக்கு நேரே நின்றால் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு கையையும் வெறுங்கையாக விரித்துக் காட்டினால் முடிந்தது, இனி அவள் இஷ்டம். இந்தக் கடைசிச் சைகையைப் பலரும் சொல்லித்தருவதில்லை. எப்போது முடியும் என்று தெரியாத நாய் தானே முடித்துக்கொண்டு எழுந்து போகும். நாம் அதைக் கீழ்ப்படியாத நாய் என்போம்.

முதலில் கட்டைவிரல் மட்டும்தான். விரலைக் காட்டு, உடனே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. அவளிடமிருந்து எதையும் கேட்பதில்லை. விரல் உயர்ந்தால் நல்லது வரும் என்பது அவளுக்குள் ஊறட்டும்.

ஜூன் 24

காது கேட்காத நாய் கடிக்கும் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்கிறார்கள். தூக்கத்தில் யாராவது தொட்டால் திடுக்கிட்டு எழும். அந்தத் திடுக்கிடலில் வாய் முந்திக்கொள்ளலாம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க நான் மிகவும் கவனமாகச் செய்துவரும் வேலை அவளை எழுப்புவதுதான்.

மூக்கருகே கோழித் துண்டை நீட்டிப் பிடிப்பேன். வாசனைக்குத் தானாகக் கண் திறப்பாள். துண்டு அவளுக்கு. அது பழகிய பிறகு, வலது தோளில் இரண்டு விரலால் மெல்லத் தொடுவேன், கண் திறந்ததும் துண்டு. எப்போதும் அதே தோள், அதே மென்மை. இப்போது தோளில் கை பட்டதும் எழுந்து, பாதி மூடிய கண்ணோடு என் கையை முகர்கிறாள். இனி மகள் தொடலாம், அடுத்து அத்தை, பிறகு என் கணவர். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தொட வேண்டும். விருந்தாளிகள் யாரும் தூங்கும் நாயைத் தொடக் கூடாது. இதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

வீட்டைவிட்டு வெளியே போகும்போதும் அவளைத் தொட்டு, கையசைத்துவிட்டுத்தான் போகிறேன். நம் காலடிச் சத்தமோ கதவுச் சத்தமோ அவளுக்குக் கிடையாது. கண் விழித்துப் பார்த்தால் மனிதர்கள் காணாமல் போயிருப்பது அவளுக்கு எப்படி இருக்கும்!

ஜூலை 6

பால்பல் ஊசியாகக் குத்துகிறது. கூடப்பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, வலித்தது 'வீல்' என்று கத்தும், கடித்தது விட்டுவிடும். கடியின் அளவை நாய் அப்படித்தான் கற்கிறது. அந்தக் கத்தல் இவளுக்குக் கேட்டிருக்காது. ஆகவே பல் அழுந்திய நொடியில் நான் மரமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். விளையாட்டு அதோடு நின்றுபோகிறது. சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பம். கையை உதறினாலோ மூக்கில் தட்டினாலோ அவளுக்கு அது கூடுதல் விளையாட்டு.

கழுத்தில் சலங்கை கட்டியிருக்கிறோம். அது அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குச் சொல்வதற்கு.

ஜூலை 20

வீட்டில் பெரிய வாக்குவாதம். அத்தை தோசை சாப்பிடும்போது ஓரத்தைப் பிய்த்துப் போடுகிறார். தினமும் இல்லை, மனம் இளகுகிற அன்று மட்டும். "என்னைக்காவது ஒருநாள்தானே" என்கிறார்.

அந்த 'என்னைக்காவது' தான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த செயலை, தீனி நின்றதும் பிராணி சீக்கிரம் கைவிட்டுவிடும். எப்போதாவது மட்டும் தீனி கிடைத்த செயலை அவ்வளவு எளிதில் கைவிடாது, விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மடியில் காலை வைத்துக் கெஞ்சும் பழக்கத்தை உறுதியாக்க அத்தையின் வழியைவிடச் சிறந்த வழி கிடையாது.

அத்தையிடம் கோபப்படாமல் சொன்னேன்: "போடணும்னு தோணினா அவ சாக்குல படுத்திருக்கும்போது, சாக்குக்கிட்ட போய்ப் போடுங்கத்தை. இலைக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம்." ஒப்புக்கொண்டார். கொடுக்கும் ஆசைக்கும் வழி இருக்கிறது, நாய்க்கும் குழப்பம் இல்லை. வெங்காயம் போட்டது வேண்டாம் என்றும், பாயசத்துத் திராட்சை வேண்டவே வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்டிகை நாளில் இது பலருக்குத் தெரியாமல் நடக்கிறது.

இனிச் சில நாள் கெஞ்சல் கூடும். முன்பு பலித்தது பலிக்காதபோது எந்த நாயும் முதலில் இன்னும் பலமாகத்தான் முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் மனமிரங்கிக் கொடுத்தால், பலமாக முயன்றால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமாவைப் பற்றி எழுதியாக வேண்டும். சைகைத் தாளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் விடியற்காலையில் எழுந்ததும் கயிற்றை எடுப்பார், ஒரே பாதையில் நடப்பார், திரும்பியதும் காலைக் கழுவிவிட்டுக் கஞ்சி வைப்பார். மழையானாலும் கல்யாண வீடானாலும் அது மாறாது. தோப்பில் தண்ணீர் பாய்ச்சிய மனிதரின் நேரக்கணக்கு. வெள்ளச்சி வீட்டுக்குள் அசுத்தம் செய்வதை நிறுத்தியதற்கு என் சைகைகளைவிட அவருடைய நேரம் தவறாமைதான் காரணம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த நாய் பதறுவதில்லை. அவள் வீட்டில் அதிகம் நம்புவது மாமாவைத்தான்.

ஆகஸ்ட் 9

கணவருடைய நண்பர் ஒரு பயிற்சியாளரை அழைத்துவந்தார். வந்ததும் "தலைவன் யாருன்னு முதல்ல காட்டணும்" என்று சொல்லி, வெள்ளச்சியை மல்லாக்கப் புரட்டிக் கழுத்தை அழுத்தப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

இந்த 'தலைவன்' கதையின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அங்கே சண்டைபோட்டு மேலே வருவதுதான் தலைமை என்று தோன்றியது. 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் மாற்றி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம். பெற்றவை வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்னால் போகின்றன. அவ்வளவுதான். அந்தக் கருத்தைப் பரப்பியவரே திருத்தி இத்தனை ஆண்டுகளாகியும், நம் ஊரில் நாய்களின் கழுத்து இன்னும் அழுத்தப்படுகிறது. எனக்கு இது தாங்கவில்லை.

காது கேட்காத அவள் உலகத்தில் மனிதக் கை என்பது பேச்சு. மல்லாக்கத் தள்ளி அழுத்தியிருந்தால், அந்தப் பேச்சுக்கே அவள் பயந்திருப்பாள். அப்புறம் நான் எந்தக் கையால் 'வா' என்று சொல்வது?

செப்டம்பர் 28

உலக வெறிநோய் தினம். ஊசிப் புத்தகத்தைச் சரிபார்த்தேன், எல்லாம் போட்டிருக்கிறது. டாக்டரின் மேசையில் இன்று அசையாமல் நின்றாள். தினமும் காதைத் திருப்பி, பாதத்தைப் பிடித்து, வாயைத் திறந்து பார்த்துக் கட்டைவிரல் காட்டிப் பழக்கியதன் பலன். நாய் எதுவானாலும், ஊசி போட்டதே ஆனாலும், பல் பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மகளிடம் மறுபடி சொல்லிவைத்தேன்.

தீபாவளி மறுநாள்

எதிர் வீட்டு நாட்டு நாய் ராத்திரி முழுக்கக் கார் அடியில் நடுங்கியது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; நாயின் காது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அந்த வீட்டம்மாவிடம், உள்ளறையில் விட்டு ஃபேனையும் டிவியையும் போட்டுவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள் என்றேன். "கொஞ்சினா பயம் கூடிடாதா?" என்று கேட்டார். கூடாது. பயம் என்பது தீனிக்காக நாய் செய்கிற வேலை அல்ல.

வெள்ளச்சிக்குச் சத்தம் இல்லை, வெளிச்சம் உண்டு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தேன். பெரிய வெடி வெடித்துத் தரை அதிர்ந்தபோது மட்டும் தலையைத் தூக்கினாள். வெளியே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கட்டைவிரலைக் காட்டினேன். தலையைச் சாக்கில் வைத்துக்கொண்டாள். தலைமை என்று நான் நம்புவது இதைத்தான். என்ன செய்வதென்று தெரியாதபோது நாய் திரும்பிப் பார்க்கும் முகமாக நாம் இருப்பது, அப்படிப் பார்க்கும்போது அந்த முகம் பதறாமல் இருப்பது.

டிசம்பர் 14

நீளக் கயிறு இல்லாமல் தோப்புக்கு அழைத்துப்போவதில்லை. மாட்டு வண்டிச் சத்தமோ டிராக்டர் ஹாரனோ அவளை விலக்க முடியாது. வீட்டில் இருட்டிய பிறகு வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால், எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வருகிறாள். டார்ச் வெளிச்சத்தைத் துரத்தவிட்டு விளையாடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். அது பைத்தியமாகப் பிடித்துக்கொள்ளும்.

"பகலெல்லாம் கட்டிப்போட்டா வம்பே இல்லையே" என்றார் பக்கத்துத் தோப்புக்காரர். அதில்தான் வம்பு தொடங்குகிறது. எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்குப் போதுமான நடை கொடுக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பிரிவு 11-இல் இருக்கிறது.

பிப்ரவரி 8

வெள்ளச்சி வளர்ந்து நிற்கும் அழகைப் பார்த்து, இணைசேர்க்கக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டோம். கருத்தடை அறுவைக்கு டாக்டர் நாள் குறித்திருக்கிறார். மாமா கொஞ்சம் தயங்கினார். 2005-இல் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது; அதை இன்றும் பீரோவில் வைத்திருப்பவர் அவர். ஊர்ப் பெயரைச் சுமக்கும் இனம். "சரிதாம்மா, நல்ல காதுள்ளது பெருகட்டும்" என்றார் கடைசியில்.

குட்டி வளர்த்து விற்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். தாய், தகப்பன் இரண்டின் காதையும் பார்த்த பிறகே இணைசேருங்கள். குட்டியைக் கைமாற்றும் முன் அது தூங்கும்போது சத்தம் எழுப்பிப் பாருங்கள். கேட்காத குட்டி பிறந்தால் மறைத்து விற்காதீர்கள், ரோட்டிலும் விடாதீர்கள். உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். வாங்கி வளர்க்க எங்களைப் போல ஆட்கள் இருக்கிறோம்.