இடம் பெயராத கல்

கொல்கத்தா எஸ்பிளனேடிலிருந்து பஸ் ஏறி, குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டினால் கிடர்பூர். 1892ல் திறக்கப்பட்ட கப்பல்துறை, லாரிகளின் வரிசை, வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன ஃபேன்சி மார்க்கெட். சரக்கு வந்து இறங்குவதும் கைமாறுவதும்தான் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. ஆனால் கடைத்தெரு இரைச்சலை விட்டு உள்ளே போனால், இருநூறு வருடங்களுக்கு மேலாக இடம் பெயராத இரண்டு கற்களைப் பார்க்கலாம்.

அந்த இடம் பூகைலாஸ். கம்பெனி ஆட்சியில் செல்வம் சேர்த்த கோஷால் குடும்பத்து ஜெய்நாராயண் கோஷால், 1781ல் இரட்டைச் சிவன் கோயில்களை இங்கே கட்டினார். குடிசைக் கூரையின் மேல் இன்னொரு கூரையை வைத்தது போன்ற வங்காளப் பாணி. உள்ளே ஆளுயரத்தைத் தாண்டிய கருநிற லிங்கங்கள்: ரக்தகமலேஸ்வர், கிருஷ்ணசந்திரேஸ்வர். பூகைலாஸ் என்ற பெயரைச் சூட்டியவர் காளி பக்தர் ராம்பிரசாத் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

கல்லில் செதுக்கிய தெய்வம் எல்லா இடத்திலும் இப்படி நிலைப்பதில்லை. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெக்கலன் நகரத்துப் பட்டறைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் உள்ளங்கை அகலப் புடைப்புச் சிற்பப் பலகைகளைச் செதுக்கித் தள்ளின. ஏசுவின் பிறப்பு, சிலுவைப்பாடு போன்ற காட்சிகள். முடியிலும் ஆடை ஓரத்திலும் தங்கப் பூச்சு. வீட்டில் வைத்து ஜெபிக்க வாங்கினார்கள். கையடக்கம் என்பதால் ஊர் ஊராகப் பயணம் போயின. இன்று அவற்றில் பல மியூசியங்களிலும் பழம்பொருள் ஏலங்களிலும் இருக்கின்றன.

அலபாஸ்டர் ஒருவகை ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும். தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் மெல்லக் கரையும். பழைய பலகை கிடைத்தால் கழுவக் கூடாது என்பது அதை வைத்திருப்பவர்களின் முதல் பாடம். தினசரி அபிஷேகம் அதற்குத் தாங்காது.

கிடர்பூர்க் கல்லுக்கோ தண்ணீர்தான் வாழ்வு. கோஷால்களின் அரண்மனை பொலிவிழந்தது, சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. இருந்தும் குடம் குடமாக நீரும் வில்வமும் வந்துகொண்டே இருக்கின்றன. சிவராத்திரியன்று கூட்டம் நெரிகிறது. கோயிலைக் காப்பாற்றுவது அதன் வயதல்ல, அந்தக் கூட்டம்தான்.